ரெமியின் சாவி

எனக்குக் கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் வந்து புதிதாகக் கண்டுபிடித்தது போல் சொல்ல வேண்டாம். புதுத்துறையில் மெரில்டாவின் கோபத்தை அறியாத வீடு கிடையாது. நிலாவில் கோபப்படுவதில் ஒரு தொந்தரவு உண்டு. காலைத் தரையில் ஓங்கி உதைத்தால் ஆள் கூரையில் போய் முட்டுவாள். நான் இரண்டு தடவை முட்டியிருக்கிறேன்.

புதுத்துறை இருப்பது அமைதிக் கடலில். பெயர்தான் கடல், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நாங்கள் அறுபத்திரண்டு குடும்பம் வந்து இறங்கிய பிறகு அமைதியும் இல்லை. எல்லாரும் தூத்துக்குடிக் கரைக்காரர்கள். இங்கே தரையில் கிடக்கும் தூசியை வாரிக் கொடுப்பது எங்கள் வேலை. அதைச் சலித்துக் கம்பெனி ஹீலியம் எடுக்கும். தூசி வாரும் வண்டிக்குக் கம்பெனி ஏதோ எழுத்தும் எண்ணும் சேர்த்து ஒரு பெயர் வைத்திருக்கிறது. ஊரில் மீன் பிடிக்கப் போன படகின் நினைவில் நாங்கள் அதை வள்ளம் என்போம். வேலைக்குக் கிளம்புகிறவனைக் கேட்டால் "கடலுக்குப் போறேன்" என்பான்.

முன்பெல்லாம் எங்கள் பேச்சு முழுவதும் கம்பெனியின் செயற்கைக்கோள் வழியாகத்தான் போய்வந்தது. செயற்கைக்கோள் கம்பெனியின் சொத்து. அதில் போகிற பேச்சும் தன் சொத்து என்று கம்பெனி நினைத்துக்கொண்டது. ஒருநாள் பிலேந்திரன் வள்ளத்திலிருந்து மனைவியைக் கூப்பிட்டு, "தலைய வலிக்கி, கஞ்சி வச்சிரு" என்றான். மறுநாள் காலையில் 'ஓட்டுநர் உடல் தகுதி இழந்தார்' என்று தாள் வந்தது. அடுத்த கப்பலிலேயே அவனையும் பிள்ளைகளையும் பூமிக்கு ஏற்றிவிட்டார்கள். வெறும் தலைவலி! அன்றிலிருந்து ஊரே வாயைப் பொத்திக்கொண்டது. தும்மல் வந்தால்கூடத் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தும்மினார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. வள்ளங்களில் இருக்கும் மின்னணுப் பெட்டிகளைப் பழுது பார்ப்பவள் நான். பூமியில் யாரோ சில புண்ணியவான்கள் எழுதி, 'யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்' என்று பொதுவில் போட்டுவைத்திருந்த 'கைவழி' என்ற மென்பொருளைத் தேடிப் பிடித்தேன். மாதா கோயில் மண்டபத்தில் ஊரைக் கூட்டி வைத்துச் சொன்னேன்.

"இதுக்கு முதலாளி யாரு?" என்று கேட்டார் கஸ்பார் அண்ணாச்சி. ஊர்க் கமிட்டித் தலைவர். எதையும் இரண்டு தடவை கேட்காமல் நம்ப மாட்டார்.

"யாரும் இல்ல அண்ணாச்சி. உள்ள என்ன எழுதியிருக்குன்னு யாரு வேணாலும் படிச்சுப் பாக்கலாம். பிடிக்கலன்னா மாத்திக்கிடலாம்."

"அப்போ நடுவுல உக்காந்து எல்லாத்தையும் பாக்கது யாரு?"

"நடுவே கிடையாது. அதான் விசேஷம். நான் உங்களுக்கு ஒரு சேதி அனுப்புனா என் மெஷின் அத பக்கத்து வீட்டு மெஷின்ல குடுக்கும். அது அடுத்த வீட்டுல குடுக்கும். மூடின சட்டியில குழம்பு குடுத்துவிடுத மாதிரிதான். ஆனா கொண்டு போறவனுக்கு வாசம்கூட வராது. நீங்க மட்டும்தான் திறக்க முடியும்."

"கண்டவன் சட்டியெல்லாம் நாங்க தூக்கணுமா?"

"யாரு சாவி உங்க மெஷின்ல இருக்கோ அவங்க சட்டிய மட்டும்தான் அது தூக்கும். சாவிய அழிச்சிட்டா, அவங்க வாசல்ல வந்து நின்னாலும் 'நீ ஆரு'ன்னு கேக்கும்."

"எவன் எவன் சாவிய வச்சிருக்கான், எவன் அழிச்சிருக்கான்னு கமிட்டி பாக்க முடியுமா?"

"முடியவே முடியாது. என்னாலகூட முடியாது. அவனவன் மெஷின் அவனவனுக்கு," என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். பின்னால் என் தலையிலேயே வந்து விழுந்தது இந்தப் பேச்சுத்தான்.

நிலாவில் தொடுவானம் ரொம்பக் கிட்டத்தில் இருக்கும். கொஞ்ச தூரம் போனாலே ஆள் மறைந்துவிடுவான், ரேடியோ அலையும் மறைந்துவிடும். அதனால் ஒவ்வொரு வீட்டுக் கூரையிலும் ஒரு கம்பம், ஒவ்வொரு வள்ளத்திலும் ஒரு கம்பம் நட்டோம். எல்லாவற்றையும்விட உயரம் மாதா கோயில் கொடிமரம். அதன் அடியில் ஊருக்குப் பொதுவாக ஒரு மெஷின் வைத்தோம். அது கஸ்பார் அண்ணாச்சியின் பொறுப்பு. வெளியிலிருந்து வரும் எந்தச் செய்தியும் கொடிமரத்தைத் தொடாமல் ஊருக்குள் வர முடியாது.

என் பங்குக்கு நானும் மென்பொருளில் ஒன்று சேர்த்தேன். கல்யாணமோ திருமுழுக்கோ, வீடு தேடி வந்து வாயால் கூப்பிட்டால்தான் எங்கள் ஆட்கள் போவார்கள். போனில் மட்டும் சொல்லிவிட்டால், "எங்கள எங்க கூப்பிட்டாவ?" என்று பத்து வருடத்துக்குச் சொல்லிக்காட்டுவார்கள். சாவிக்கும் அதே முறைதான் என்று வைத்தேன். ஒரு தகட்டில் ஏற்றி, நேரில் போய்க் கையில் கொடுக்க வேண்டும். கொடுப்பவர் "உன்ன யாரு கூப்பிட்டா?" என்று கேட்க வேண்டும். வாங்குபவர் கூப்பிட்டவரின் பெயரை வாய்விட்டுச் சொன்னால்தான் மெஷின் ஏற்றுக்கொள்ளும். வேற்றாள் புகுந்துவிடக் கூடாதே என்றுதான் செய்தேன். ஊர்க்காரர்களுக்கோ அது ஒரே கொண்டாட்டமாகிவிட்டது. ஒரு வாரம் முழுவதும் தகட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டார்கள். போன வீட்டிலெல்லாம் டீ.

இந்தச் செய்தி வலை வந்த அன்றைக்கு ஊர் பேசியதே, அந்தப் பேச்சு! தலைவலி, கால்வலி, மாமியார், சம்பந்தி, எல்லாவற்றையும் ஒன்றரை வருடத்துக்குச் சேர்த்துப் பேசித் தீர்த்தார்கள்.

இப்போது என் தம்பிக்கு வருகிறேன்.

ரெமிஜியுஸ். எனக்கு ஒன்பது வயது இளையவன். நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு பெரிய பள்ளம். அதன் விளிம்பில் கம்பெனியின் காவல் மேடு. பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு அங்கே தனியாக வேலை செய்தவள் நூர்குல், கசக்ஸ்தான் நாட்டுப் பெண். அந்தப் பக்கம் தூசி வாரப் போன ரெமி அவளிடம் மனதைக் கொடுத்துவிட்டு வந்தான். திடுதிப்பென்று ஒருநாள் கம்பெனி அலுவலகத்தில் பதிவுத் திருமணம் நடந்துவிட்டது. அதோடு நின்றானா? அவளுக்குச் சாவியும் கொடுத்துவிட்டான். கம்பெனி சம்பளம் வாங்குகிறவளுக்கு, கம்பெனிக்குத் தெரியாமல் நாங்கள் கட்டிய வலையின் சாவி.

ஊர் நடுங்கிப்போனது. பிலேந்திரனை யாரும் மறக்கவில்லை. கமிட்டி கூடித் தீர்ப்புச் சொன்னது: அவளைச் சேர்க்கக் கூடாது, ரெமியின் சாவியை எல்லாரும் அழிக்க வேண்டும், அழிக்காதவரும் வெளியே.

முதலில் எழுந்தது நான். மண்டபத்தில் எல்லார் முன்னாலும் அவன் பெயரைத் தொட்டு அழித்தேன். ஊருக்குச் சாவி கொடுத்தவள் நான், அதனால் நான்தான் முன்மாதிரி என்று பேசினேன். அது முழுக்க உண்மை இல்லை. அவன் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. சொந்த அக்காளை! எனக்கு அதுதான் ஆத்திரம். வலை, கம்பெனி எல்லாம் அதற்குப் போட்ட மேல்துணி.

பிறகு ஒவ்வொரு வீட்டுக்காரரும் வாசலில் வந்து "அழிச்சாச்சு மெரில்டா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ரெமி பெட்டியைத் தூக்கிக்கொண்டு காவல் மேட்டுக்கே குடிபோனான். எட்டு மாதம். அவனிடமிருந்து ஒரு சொல் இல்லை. ஊரே அழித்துவிட்ட பிறகு அனுப்பி என்ன பயன் என்று அவன் இருந்திருப்பான். ஆறாம் மாதம் எனக்குக் கோபம் வடிந்துவிட்டது. ஆனால் அழித்த சாவியைத் திரும்பப் பெற நேரில் போய் வாங்க வேண்டும். போனால் ஊர் என்ன சொல்லும்? நான் போட்ட முடிச்சில் நானே மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்று செவ்வாய்க்கிழமை. காலை பத்தரை மணிக்குக் கம்பெனியின் செயற்கைக்கோள் செத்துவிட்டது. என்ன பழுது என்று யாருக்கும் தெரியாது. அது இல்லாவிட்டால் வள்ளங்கள் வழி பார்த்துத் தானாக ஓடாது. அதனால் கடலுக்குப் போனவர்கள் போன இடத்திலேயே நின்றார்கள். கொடிமரத்திலிருந்து கஸ்பார் அண்ணாச்சி சொல்லாமல் எந்த வள்ளமும் நகரக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. மற்றவர்கள் மண்டபத்தில் கூடி வம்பளந்துகொண்டிருந்தார்கள். நான் வீட்டில் ஒரு பெட்டியைப் பிரித்துப் போட்டிருந்தேன்.

கதவைத் தட்டினாள் பக்கத்து வீட்டுச் செலஸ்தீனா. அவளுக்கும் எனக்கும் தண்ணீர்க் குழாய்ச் சத்தம் தொடர்பாக நான்கு வருடச் சண்டை. அவள் என் வாசலை மிதித்தே ஆறு மாதம் ஆகியிருந்தது.

"ஏசாத," என்றாள்.

"இன்னும் ஒண்ணுமே சொல்லலயே."

"ஏசுவ. ஏசுததா இருந்தா அப்புறமா ஏசு. என் மெஷின்ல உனக்கு ஒரு சேதி வந்து நிக்கி. உன் மெஷின் வாங்க மாட்டேங்குது. நாலு தடவ திருப்பி விட்டுட்டு."

"யாருகிட்ட இருந்து?"

அவள் தரையைப் பார்த்தாள். "ரெமிகிட்ட இருந்து."

நான் எழுந்த வேகத்தில் திருப்புளி பறந்து போய்ச் சுவரில் இடித்தது. "அவன் சேதி உன் மெஷினுக்கு எப்படிட்டி வந்துச்சு? நீ அழிச்சாச்சுன்னு சொன்ன!"

"சொன்னேன். அழிக்கல."

"ஏன்?"

"உன் கோவம் எனக்குத் தெரியாதா? இன்னைக்குக் குதிப்ப. ஆறுன பொறவு 'ஐயோ என் தம்பி'ன்னு வந்து நிப்ப. அப்போ உனக்குக் குடுக்க ஒரு இடத்துலயாவது இருக்கட்டும்னு வச்சிருந்தேன். போதுமா? இப்போ வாறியா, இல்ல நின்னு குதிக்கப் போறியா?"

அவள் பின்னாலேயே போனேன்.

அவள் மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. செய்தி எனக்குப் பூட்டியது, செலஸ்தீனாவால் திறக்க முடியாது. என் தகட்டைச் செருகினேன். திரையில் ஒரு வரி வந்தது. அதை எழுதியதும் நானேதான், மென்பொருளைத் தமிழில் ஆக்கியபோது.

'அனுப்பியவர் உங்களுக்குத் தெரியாதவர். திறக்கவா?'

தெரியாதவர்! பிறந்த அன்றைக்கு அவனை இந்தக் கையில்தான் வாங்கினேன். 'ஆம்' என்பதைத் தொட்டேன்.

"மெரில்டா அக்கா. நான் நூர்குல். ரெமி மெஷின்ல எழுதுறேன். ரெமி வள்ளம் பள்ளம் உள்ள கவுந்து. கதவு அடியில. கம்பம் உடஞ்சு, பேச்சு இல்ல. மேட்டு கேமரா வச்சு கண்ணால பாக்கேன். காத்து ஆறு மணி நேரம். நடந்து போக தூரம். கம்பெனி பதில் இல்ல. இந்த சேதி உனக்கு வராதுன்னு தெரியும். இருந்தாலும் அனுப்புறேன். சவமே, சீக்கிரம் வா."

'சவமே' என்பது ரெமியின் பேச்சு. பிரியமாகக் கூப்பிடும் சொல் என்று நினைத்திருப்பாள் பாவம். எங்கள் வீட்டில் அது பிரியமான சொல்தான்.

அப்போதுதான் செலஸ்தீனா திரையின் அடியில் விரலை வைத்துக் காட்டினாள். "ஏட்டி, இதப் பாரு. வந்த வழி."

கைவழி, செய்தியைத் தூக்கி வந்தவர்களின் பெயரை வரிசையாகப் போடும். 'ரெமி வீடு, தொம்மை வள்ளம், வியாகுலம் வள்ளம், இஞ்ஞாசி கொட்டகை, கொடிமரம், செலஸ்தீனா.' நான் இரண்டு தடவை படித்தேன். சாவி இல்லாவிட்டால் மெஷின் தூக்காது. அப்படியென்றால் இத்தனை பேரும்?

கொடிமரமுமா?

நாங்கள் இருவரும் மூடிய நடைபாதை வழியாக மண்டபத்துக்குத் தாவித் தாவி ஓடினோம். கஸ்பார் அண்ணாச்சி நடுவில் நின்று செயற்கைக்கோளைத் திட்டிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கச் செய்தியைப் படித்தேன். வந்த வழியையும் படித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் மண்டபத்தில் ஒரு தலை குனிந்தது. 'கொடிமரம்' என்றதும் எல்லாரும் கஸ்பார் அண்ணாச்சியைப் பார்த்தார்கள்.

அவர் முகம் மாறவே இல்லை. "பேரு விசாரணையெல்லாம் அப்புறம். ஆறு மணி நேரம்னு எத்தன மணிக்கு எழுதியிருக்கா?"

"பதினொண்ணேகால்."

"இப்போ பதினொண்ணு அம்பது." மைக்கைப் பிடித்தார். "தொம்மை! கேக்கா? நீதான் கிட்டத்துல நிக்க. கையால ஓட்டிப் போவியா? வழி காட்ட வானத்துல ஒண்ணும் இல்ல."

"கையால ஓட்டாம காலாலயா ஓட்டுவேன்? எங்கன போணும்?" என்றது தொம்மையின் குரல்.

"பெரிய பள்ளத்துக்கு. நம்ம ரெமி கவுந்து கிடக்கான்."

"கிளம்பிட்டேன்" என்றான் தொம்மை.

'நம்ம ரெமி' என்று அவர் சொன்னதை எல்லாரும் கேட்டார்கள்.

தொம்மை நின்ற இடத்திலிருந்து பள்ளம் இருபத்தைந்து கிலோமீட்டர். கையால் ஓட்டினால் மூன்று மணி நேரம். பாதி வழி வரைக்கும் தொம்மைக்குத் தரை தெரியும். அதற்குப் பிறகு மேட்டிலிருந்து கேமராவில் பார்க்கிறவள்தான் கண். நான் மைக்கில் சொன்னேன்: "நூர்குல், உன் சேதி வந்துட்டு. தொம்மை வாரான். நீதான் வழி சொல்லணும்."

பதிலுக்குக் கொஞ்ச நேரம் அழுகைதான் கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி அக்கா" என்றாள். யாரென்றே தெரியாது என்று எட்டு மாதம் நான் ஒதுக்கி வைத்த பெண்.

அவளுக்கு ரெமி தமிழ் சொல்லிக்கொடுத்த லட்சணம் அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது. இடது, வலது தெரியவில்லை. "சோத்தாங்கை! சோத்தாங்கை! இன்னும் சோத்தாங்கை! கல் இருக்கு, பீச்சாங்கை!" என்று அவள் கத்த, கம்பெனியின் அதிநவீன வள்ளத்தைத் தொம்மை அப்படியே ஓட்டிக்கொண்டு போனான். உயிர் போகிற நேரத்திலும் மண்டபத்தில் சிரிப்பு அடங்கவில்லை. வயதான வியாகுலத்தம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்ல பிள்ளயா இருக்காளே" என்றாள்.

"உங்க வீட்டு வள்ளம்தான சேதிய தூக்கியிருக்கு? ஏன் அழிக்கல?" என்று அவளிடம் கேட்டேன். காத்திருக்கும்போது வாய் சும்மா இருக்காது எனக்கு.

"அழிக்கலாம்னுதான் கைய வச்சேன். தும்மல் வந்துட்டு. சகுனம் சரியில்லன்னு விட்டுட்டேன்."

"எட்டு மாசமாவா தும்முனிய?"

இஞ்ஞாசி தலையைச் சொறிந்தான். "எனக்கு எப்படி அழிக்கன்னு தெரியல அக்கா. உங்ககிட்ட கேட்டா ஏசுவீகன்னு விட்டுட்டேன்."

ஒலிபெருக்கியில் தொம்மையின் குரல் வந்தது: "எம் மவ திருமுழுக்குல அவன்தான் ஞானத்தகப்பன். ஞானத்தகப்பன அழிச்சா எம் பொண்டாட்டி எனக்குச் சோறு போடுவாளா?"

எல்லாரும் கஸ்பார் அண்ணாச்சியைப் பார்த்தார்கள். அவர் மீசையை நீவினார். "தீர்ப்பு சொன்னது நான்தான். ஊரு பயந்து கிடந்துச்சு, சொல்லாம முடியல. ஆனா கொடிமரத்துலயும் அழிச்சிட்டா அந்தப் பயலுக்கு ஊருக்குள்ள வர வழியே இல்லாமப் போயிரும். எல்லாரும் அழிச்சிருப்பிய, இந்த ஒண்ணு மட்டும் கிடக்கட்டும், யாருக்குத் தெரியப்போகுதுன்னு நினைச்சேன்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன்" என்றது ஒரு மூலை. "நானும்தான்" என்றது இன்னொரு மூலை.

கஸ்பார் அண்ணாச்சி நிமிர்ந்தார். "சரி, இப்போ நேராக் கேக்கேன். ரெமி சாவிய நிசமாவே அழிச்சவங்க கைய தூக்குங்க."

மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மெதுவாக ஒரே ஒரு கை மேலே போனது.

என் கை.

மற்ற எந்தக் கையும் உயரவில்லை. கடலில் நின்ற வள்ளங்களிலிருந்தும் மைக்கில் ஒவ்வொருவராக, "இல்ல", "நான் அழிக்கல", "எனக்கு மனசு வரல" என்றார்கள். அறுபது வீடு அவனை வைத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வீடும் தான் மட்டும்தான் வைத்திருப்பதாக நினைத்து ஒளித்துக்கொண்டிருந்தது. எட்டு மாதத்தில் என்றைக்காவது அவன் 'சாப்பிட்டியா' என்று ஒரு வார்த்தை அனுப்பியிருந்தால் ஊர் முழுக்க வந்து சேர்ந்திருக்கும், என் வீட்டைத் தவிர.

அவமானத்தில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உட்கார்ந்து அழுதேன். செலஸ்தீனா பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகைத் தடவினாள். "அழாதட்டி. நீ ஒருத்திதான் சொன்ன பேச்ச கேக்குதவ. ஊருக்கு ஒரு ஆளாவது வேணும்லா," என்றாள். அழுதபடியே அவள் கையைத் தட்டிவிட்டேன். பிறகு பிடித்துக்கொண்டேன்.

மூன்று மணிக்குத் தொம்மை பள்ளத்தில் இறங்கினான். கவிழ்ந்த வள்ளத்தில் கயிறு மாட்ட அரை மணி. முதல் இழுப்பில் கயிறு வழுக்கியது. மண்டபத்தில் யாரோ செபமாலை சொல்ல ஆரம்பித்தார்கள். இரண்டாவது இழுப்பில் கொஞ்சம் அசைந்தது. "பீச்சாங்கை பக்கம் இழு! இழு சவமே, இழு!" என்று நூர்குல் அலறினாள். மூன்றாவது இழுப்பில் வள்ளம் புரண்டது.

அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. கதவு திறக்கும் சத்தமோ காலடிச் சத்தமோ நிலாவில் கேட்காதே. நான் மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை நேரம் என்று தெரியாது.

தொம்மையின் வள்ளத்திலிருந்து குரல் வந்தது. கரகரப்பான, களைத்த குரல்.

"எக்கா அங்கன இருக்காளா?"

மண்டபம் அதிர்ந்தது. கைதட்டல், கூச்சல். இஞ்ஞாசி குதித்த குதியில் கூரை விளக்கில் போய்த் தொங்கினான். யாரோ கோயில் மணியை அடித்தார்கள். வியாகுலத்தம்மாள் யாரைக் கட்டிப்பிடிக்கிறோம் என்று பார்க்காமல் எல்லாரையும் கட்டிப்பிடித்தாள்.

"இருக்கா, இருக்கா!" என்று கத்தினாள் செலஸ்தீனா.

"ஏசுதாளா?"

"அழுதுட்டு இருக்கா!"

"ஐயோ, அவள ஏசச் சொல்லு. அழுதா எனக்குப் பயமா இருக்கு."

மைக்கைப் பிடுங்கினேன். "ஏலே மூதி! கல்யாணத்துக்கு ஏன்லே என்ன கூப்பிடல?"

மறு முனையில் ஒரு பெருமூச்சு. "ஞாயித்துக்கிழம வீட்டுக்கு வந்து முறையா கூப்பிடணும்னு இருந்தேன்க்கா. வெள்ளிக்கிழம அலுவலகத்துல 'இன்னைக்கு விட்டா அடுத்த வருசம்தான்'னுட்டான். போன்ல கூப்பிட்டா நீ கோவிச்சுக்கிடுவன்னு…"

"போன்ல கூப்பிட்டா கோவிச்சுக்கிடுவேனாம், கூப்பிடாட்டா மட்டும் சந்தோசப்படுவேனா?" என்று கத்தினேன். ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன்.

கஸ்பார் அண்ணாச்சி கையை உயர்த்தினார். "ஒரு சிக்கல் இருக்கு. அழிக்காதவன் வெளியன்னு தீர்ப்பு. பாத்தா எல்லாரும் வெளிய. மெரில்டா மட்டும்தான் உள்ள. இப்போ ஊருன்னா அவ ஒருத்திதான். ஊரு என்ன சொல்லுது?"

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். வாழ்க்கையில் இப்படி ஒரு வாய்ப்பு இன்னொரு தடவை கிடைக்காது.

"ஊர் கூடித் தீர்மானம் போட்டாச்சு," என்றேன். "ரெமி மேல உள்ள தீர்ப்பு தள்ளுபடி. வெளிய இருக்க அறுபது வீட்டையும் ஊரு திரும்பச் சேத்துக்கிடுது. செலஸ்தீனா மட்டும் குழாயச் சரி பண்ணிட்டு வரணும்."

"நூர்குல்?" என்று கேட்டார் அண்ணாச்சி. இதை அவர் சிரிக்காமல் கேட்டார்.

பயம் இன்னும் செத்துப்போகவில்லை, அது நியாயமான பயம்தான். நான் மெதுவாகச் சொன்னேன்: "ரெமி மெஷின் எட்டு மாசமா அவ கையிலதான் இருந்திருக்கு. நம்ம சாவியெல்லாம் அதுல இருந்துச்சு. கம்பெனிக்குச் சொல்லணும்னா என்னைக்கோ சொல்லியிருக்கலாம். ஒரு தாளாவது வந்துச்சா?"

வியாகுலத்தம்மாள், "நான் நாளைக்கே போய் அவள கூப்பிடுவேன். எந்த வள்ளத்துல எனக்கு இடம் இருக்கு?" என்றாள். அடுத்த நிமிடம் இடத்துக்குச் சண்டை ஆரம்பமாகிவிட்டது.

செயற்கைக்கோள் மறுநாள்தான் உயிர்த்தது. அதற்கு அடுத்த நாள் ஏழு வள்ளங்கள் வரிசையாகக் காவல் மேட்டுக்குக் கிளம்பின. தூசி வாரப் போவதாகக் கம்பெனிக்குச் சொல்லிவிட்டோம். முதல் வள்ளத்தில் நானும் செலஸ்தீனாவும். வழி நெடுகக் குழாயைப் பற்றித்தான் பேச்சு.

ரெமி கையில் கட்டோடு வாசலில் நின்றான். அவனை நாலு சாத்துச் சாத்தலாம் என்று போனவள், கட்டைப் பார்த்ததும் தலையை மட்டும் தடவினேன். உள்ளே ஒல்லியான ஒரு பெண், சிவந்த கன்னம், பால் விட்ட டீயை ஏழு வள்ளத்துக்கும் சேர்த்துக் காய்ச்சி வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்குக் கொடுப்பதற்காக என் சாவியைத் தகட்டில் ஏற்றிப் பையில் வைத்திருந்தேன். எடுப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

அவள் கையில் ஒரு தகடு. அதன் மேல் கோணல்மாணலான தமிழ் எழுத்தில் 'மெரில்டா அக்கா' என்று எழுதியிருந்தது. எழுத்து பழசாக மங்கியிருந்தது. கல்யாணம் முடிந்த அன்றைக்கே எழுதியது என்று ரெமி பின்னால் சொன்னான்.

என் கையில் தகட்டை வைத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, படித்து வைத்திருந்த பாடம் போல் கேட்டாள்.

"உன்ன யாரு கூப்பிட்டா?"

இந்தக் கேள்வியை ஒரு ஊருக்கே கேட்டவள் நான். வேற்றாள் ஒருத்தி என்னையே கேட்பது இதுதான் முதல் தடவை. ஏழு வள்ளத்து ஆட்களும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள்.

"நூர்குல் கூப்பிட்டா," என்றேன்.

இடுப்பில் செருகிக் கொண்டுவந்திருந்த என் மெஷின் ஒரு மணியடித்தது. பச்சை எழுத்தில் வரி வந்தது: 'இவர் உங்களுக்குத் தெரிந்தவர்.'

"தெரியும், சவமே," என்றேன் மெஷினைப் பார்த்து. நூர்குல், தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்து ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.